பூபதியின் மூக்கும் துரையின் மொட்டை வண்டியும்

மீன் பிடிக்கிற குப்பத்தில் பிறந்துவிட்டு, மீன் நாற்றம் குடலைப் புரட்டுகிறது என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன செய்வது? பூபதியின் நைனா கங்காதரன் முதலில் அடித்துப் பார்த்தார். அப்புறம் கோயிலில் வேப்பிலை அடிக்க வைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கருவாடு காயும் பக்கம் போனால் பூபதி மேல்துணியை மூக்கில் சுற்றிக்கொள்வான். இறால் உரிக்கச் சொன்னால் ஒரு கை இறாலில் இருக்கும், இன்னொரு கை மூக்கில் இருக்கும். ஒற்றைக் கையால் இறால் உரிக்க முடியாது என்பது உரித்தவர்களுக்குத் தெரியும்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. குப்பத்தார் கோட்டையைக் கும்பிடுவதும் இல்லை, திட்டுவதும் இல்லை. மீனை விற்றுவிட்டு வந்துவிடுவார்கள். பூபதி மட்டும் அங்கே போனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். ஜரிகைச் சட்டை, வெள்ளைப் பொய்முடி, விரலிடுக்கில் பூப்போட்ட கைக்குட்டை! இவர்கள் மேலெல்லாம் சந்தனம் மணக்கும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். மீசை முளைத்த கையோடு போய், யாக்கோபுத் துரை என்கிற வியாபாரத் துரையிடம் குதிரைக்காரனாகச் சேர்ந்துவிட்டான்.

“போடா, போ. மீனு நாத்தம் தண்ணி ஊத்துனா போய்டும். மத்த நாத்தம்லாம் எப்புடி கீதுன்னு பாத்துட்டு வா,” என்று சொல்லிவிட்டு நைனா வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சேர்ந்த முதல் நாளே பூபதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாக்கோபுத் துரை குளிப்பதில்லை. இந்த ஊர் வெயிலில், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டைக்குள் ஒரு மனிதன் மாசக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அந்தப் பொய்முடியைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அதிலிருந்து பேன் இறங்கிச் சுவரில் நடக்கும். அதன் மேல் தூவுகிற மாவு வேர்வையில் கரைந்து, பிடரியில் பசையாக வழியும். பல் சொத்தை. வாயைத் திறந்தால் ராத்திரிச் சாராயமும் காலைப் பாலாடைக்கட்டியும் சேர்ந்து வரும். இதை எழுதும்போது எனக்கே குமட்டுகிறது. ஆனால் துரைமார் பழவேற்காட்டில் கல்லறை கட்டிக்கொண்ட அழகை மட்டும் எழுதி, அவர்கள் உடம்பு நாறியதை எழுதாமல் விட்டால் அது என்ன எழுத்து?

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும். குப்பத்துக்குத் திரும்பிப் போனால் எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் பூபதி வாயை மூடிக்கொண்டு, மூக்கையும் முடிந்தவரை மூடிக்கொண்டு வேலை பார்த்தான். துரையை மசூலிப்பட்டினத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். பூபதியும் கூடவே போனான்.

அங்கேதான் அந்த வண்டி வந்து இறங்கியது. கடலுக்கு அப்பால் ஒல்லாந்தரின் பெரிய பட்டணமான பத்தாவியாவிலிருந்து கப்பலில், வைக்கோல் சுற்றி வந்தது. இரண்டே சக்கரம், ஒற்றைக் குதிரை, மேலே கூண்டு கிடையாது, பக்கத்தில் அடைப்பு கிடையாது. பிரம்பில் பின்னிய இருக்கையில் இரண்டு பேர் தொடையோடு தொடை இடிக்க உட்காரலாம். சிவப்புச் சாயம் பூசிப் பளபளவென்று இருந்தது. நம் ஊர்க் கட்டை வண்டி கிடக்கிற கனத்துக்கு, இது வண்டியே இல்லை, நாலு பேர் சேர்ந்தால் தலையில் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஓடினால் காற்றாய் ஓடியது. துரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முன்னால் போகிற மாட்டு வண்டிகளையெல்லாம் முந்திவிட்டு, திரும்பிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிப்பான். (துரைக்கு மரியாதை போட்டு எழுத என் கை வரவில்லை.)

மூடாத வண்டி என்பதால் ஊரே பார்க்கும். துரைக்கு அதுதான் வேண்டியிருந்தது. பூபதிக்குக் கிடைத்தது வேறு. இருக்கை தாழ்வு. முகத்துக்கு நேரே குதிரையின் வால். அந்த வால் தூக்கினால் நடப்பது அத்தனையும் நடுவில் ஒரு பலகைகூட இல்லாமல் வந்து சேரும். அந்தப் பெட்டைக் குதிரைக்குத் துரை பெயர்கூட வைக்கவில்லை. பூபதிதான், “ஏ நாத்தக்காரி, இந்தப் பக்கம் திரும்பு,” என்பான். அது காதைத் திருப்பும். திட்டிக்கொண்டே தினமும் தேய்த்துக் குளிப்பாட்டினான். உண்மையைச் சொன்னால் அந்தக் கிடங்கில் தினமும் குளித்தவர்கள் பூபதியும் குதிரையும்தான்.

ஆனி மாசம், தெற்கிலிருந்து காற்று அடிக்கத் தொடங்கியதும் பழவேற்காட்டிலிருந்து தோணிகள் வடக்கே வந்தன. அதில் ஒன்றில் குப்பத்துத் திருவேங்கடம் வந்திருந்தான். கரையில் பூபதியைப் பார்த்ததும் அவன் சிரிக்கவில்லை.

“இன்னா திருவேங்கடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

“ஒங்க நைனா போய்ட்டாருடா. காச்சல்னு படுத்தவரு எழுந்துக்கவே இல்ல.”

பூபதி மணலில் உட்கார்ந்துவிட்டான். திருவேங்கடமும் பக்கத்தில் உட்கார்ந்தான். “அழுவறத அப்பால அழுவு. வர்ற அமாவாசைக்கிப் பானை வெக்கிறாங்க. நீ வந்து நிக்கலன்னா நைனா பேரு போச்சு. ஒங்கம்மா சொல்லி அனுப்பிச்சிது,” என்றான்.

பானை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். எல்லாப் பாடும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் இறால் கொட்டும், இன்னொன்றில் பாசிதான் வரும். சண்டை வரக்கூடாது என்று வருஷத்துக்கு ஒருமுறை, அமாவாசை அன்று பொழுது சாயும் நேரத்தில், கோயிலுக்கு முன்னால் ஒரு பானை வைப்பார்கள். உள்ளே ஓலைத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டின் குறி. பங்குள்ள ஆம்பிளை ஏரியில் முங்கி, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்று, தன் கையால் எடுக்கவேண்டும். எடுத்தது அந்த வருஷம் அவனுடையது. அவனுக்குப் பதில் இன்னொருவன் எடுக்க முடியாது. அப்பன் செத்தால் மகன் அடுத்த பானைக்கே வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் பங்கு ஊருக்குப் போய்விடும், திரும்பி வராது. பொம்பளைக்குப் பங்கு கிடையாது. பூபதியின் அம்மா பச்சையம்மாவும், கடலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிற தங்கை அம்மணியும் அதற்குப் பிறகு ஊரான் வீட்டு மீனைக் கழுவித்தான் சாப்பிடவேண்டும்.

பூபதி துரையிடம் போய் நின்றான். “நைனா செத்துப் போய்ட்டாரு தொரே. ஊருக்குப் போவணும்.”

துரைக்கு நம் பாஷை தெரியும். துண்டு துண்டாகப் பேசுவான். “செத்தாச்சு. நீ போனா எழுந்து வருவாரா?” என்றான். சொல்லிவிட்டுப் பல்லைக் குத்த ஆரம்பித்தான். அப்பனைப் பறிகொடுத்தவனிடம் இப்படிச் சொல்ல ஒரு வாய் வருமா? வந்தது.

அதற்குள் பழவேற்காட்டிலிருந்து துரைக்கே அழைப்பு வந்தது, கோட்டைக்குப் பெரிய துரை வருகிறார், எல்லா வியாபாரிகளும் வந்து சேரவேண்டும் என்று. தெற்குக் காற்று எதிரே அடிக்கும்போது தெற்கே போகிற கப்பல் ஏது? மற்றத் துரைமார் பல்லக்குப் பேசினார்கள். யாக்கோபுத் துரை மட்டும் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “நான் வண்டியில் போவேன். இத்தனை தூரம் எவனும் போனதில்லை!” பூபதிக்கு அவன் காலில் விழலாம்போல் இருந்தது. விழவில்லை, அந்தக் காலுறை எப்படி மணக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

கிளம்பினார்கள். கிருஷ்ணா நதியில் ஓடக்காரர்கள் வண்டியை ஒரு படகிலும் குதிரையை ஒரு படகிலும் ஏற்றினார்கள். படகு ஆடியதும் துரை வாந்தி எடுத்தான், வெளியே தண்ணீர் இத்தனை கிடக்க, உள்ளே, பூபதியின் மடிமேல். அதோடு தொடங்கியது பயணம். அப்புறம் செம்மண் புழுதி, கருமண் சேறு, ஓங்கோல் பக்கத்து வெயில். வெயிலில் துரையின் தோல் உரிந்தது. அதற்குப் பன்றிக் கொழுப்பைப் பூசிக்கொண்டான். கொழுப்புக்கு ஈ வந்தது. ஈ துரையோடு நிற்குமா? காற்று எதிரே வந்தால் குதிரை நாற்றம், பக்கவாட்டில் வந்தால் துரை நாற்றம். கடலில் காற்றைப் பார்த்து உட்காரத் தெரிந்த பூபதிக்கு அந்த வண்டியில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை.

குதிரை நாற்றத்தை அவன் மன்னித்தான். புல்லைத் தின்கிற பிராணி, அது என்ன செய்யும்? மேடு வந்தால் பூபதி இறங்கிக் கூடவே நடந்தான். துரை இறங்கமாட்டான். கால் வலிக்கும் என்பான். ஏறுகிற குதிரைக்கு வலிக்காதா என்று பூபதி கேட்கவில்லை; கேட்டால் சாட்டை யார் மேல் விழும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவசரம் பூபதிக்குத்தான், துரைக்கு இல்லை. ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்திக் காட்டினான். ஊர்ப் பெரியவர்கள் வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். துரை யாருடைய மாட்டோடாவது பந்தயம் விட்டான், ஜெயித்தான், குடித்தான், மறுநாள் மத்தியானம் எழுந்தான். நெல்லூரில் பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான். பூபதி ராத்திரி வெளியே வந்து வானத்தைப் பார்ப்பான். நிலா தேய்ந்துகொண்டே போயிற்று. வாங்கின அறைக்கும் குடித்த கஞ்சிக்கும் நடுவில் அவனுக்கு ஒரே நினைப்புதான்: அம்மா கோயில் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றால், கால்நடையாகப் போனால் நிச்சயம் பிந்திவிடும். இந்தக் குடிகாரனோடு போனால் ஒருவேளை பிந்தாமல் இருக்கலாம். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அமாவாசை அன்று மத்தியானம் ஆரம்பாக்கம் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து ரோடு மேற்கே வளைந்து, பொன்னேரி சுற்றிப் பழவேற்காடு போகும். துரை உதட்டை நக்கிக்கொண்டான். “பொன்னேரியில் தருமலிங்கம் வீடு. துணி வியாபாரி. ஆட்டுக்கறி. இன்றைக்கு அங்கே தூக்கம்.”

அங்கே தூங்கினால் பானை போய்விடும். பூபதி கிழக்கே பார்த்தான். கோடையில் ஏரி சுருங்கிப்போய், அடி தெரிய, உப்பு பூத்து வெள்ளைவெளேரென்று கிடந்தது. அதற்கு அப்பால் கறுப்புக் கோடுபோல் தெரிவது தோணிரேவுப் பனைகள். அங்கிருந்து குப்பம் கூப்பிடு தூரம்.

“தொரே, ரோட்டுல போனா குண்டும் குழியும். இந்தா, இப்புடி ஏரில எறங்கினா ஒரே மட்டம். கல்லு இல்ல, முள்ளு இல்ல. வண்டி சும்மா பறக்கும்.”

“தண்ணீர்?”

“கோடைல ஏது தொரே தண்ணி? வாய்க்காலாண்ட மட்டும் கொஞ்சம் ஈரம். எங்க காலு போவாத எடமா அது?”

அவன் பொய் சொல்லவில்லை. இதைக் கவனமாகச் சொல்லவேண்டும். குப்பத்து ஜனங்கள் கோடையில் அந்த ஏரி மேலேதான் நடமாடுவார்கள். ஆனால் அவர்கள் சேற்றில் நடப்பது நாம் நடப்பதுபோல் இல்லை. குதிகாலைத் தூக்கமாட்டார்கள். பாதத்தைத் தட்டையாக வைத்து வழுக்கிக்கொண்டே போவார்கள், ஒரு கால் பாரம் வாங்குவதற்குள் மறு கால் போய்விடும். நடக்கக் கற்ற நாளிலிருந்து அப்படி நடப்பதால், அப்படி நடக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் கேட்டால், ஏரி கெட்டியாகத்தான் இருக்கிறது என்பார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்வார்கள். பூபதிக்கு ஆழம் தெரியும். ஆனால் அவன் விட்டது காலை அல்ல, குதிரையை.

பறக்கும் என்ற சொல் போதும் துரைக்கு. வண்டி ஏரியில் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. வெடித்த களிமண்ணில் குளம்பு டக்டக்கென்று விழ, எதிர்க்காற்று சட்டையைப் பிடுங்க, அந்தச் சிவப்பு வண்டி தரையைத் தொடாததுபோல் போயிற்று. நாரைகள் எழுந்து பறந்தன. காற்றில் உப்பு வாசனை வந்தது. பூபதி மசூலிப்பட்டினம் விட்ட பிறகு முதல் முறையாக மூச்சை ஆழ இழுத்தான். துரைகூடச் சும்மா சிரித்தான். பனைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

தோணிரேவுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் இருக்கிறது. முகத்துவாரத்திலிருந்து கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற வழி. அதன் ஓரத்துச் சேறு மேலே காய்ந்து, உள்ளே கூழாக இருக்கும். குதிரையின் முன்னங்கால் இரண்டும் அதில் இறங்கின. எடுக்கப் பார்த்தது, பின்னங்காலும் இறங்கிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு சேற்றில் பட்டுவிட்டது. வண்டி கனமே இல்லாததால் மேலேயே நின்றது. துரை பதறிக் குதித்தான், பூட்ஸோடு. தொடைவரை போயிற்று.

“தூக்கு! என்னைத் தூக்கு!”

பூபதி முதலில் குதிரையின் வார்களைத்தான் அவிழ்த்தான். “ஆடாதடி, நாத்தக்காரி, ஆடாத. ஆடுனா உள்ள போய்டுவ,” என்று கழுத்தைத் தடவினான். அது அவன் குரலுக்கு அடங்கி, மூக்கை விடைத்துக்கொண்டு நின்றது. சுளீரென்று முதுகில் சாட்டை விழுந்தது. சேற்றில் நின்றுகொண்டே துரை அடித்தான். “நான் முதலில்! நாயே, நான் முதலில்!”

பூபதி பிரம்பு இருக்கையைப் பிடுங்கிச் சேற்றில் போட்டான். துரையை அதன்மேல் குப்புறப் படுக்கச் சொன்னான். கடிவாள வாரைக் கட்டி, மீன் கூடையை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனான். பூட்ஸ் இரண்டும் சேற்றோடு போயின. வழியெல்லாம் துரை கடவுளைக் கூப்பிட்டான், பூபதியை வைதான், மறுபடியும் வாந்தி எடுத்தான். கெட்டிக் கரையில் கொண்டுபோய்ப் போட்டபோது, அழுகின பாசி ஒட்டிக்கொண்டு, பொய்முடி ஒரு காதில் தொங்கிக்கொண்டு கிடந்தான். இதற்கா இத்தனை ஜரிகை?

தோணிரேவுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ரங்கன் என்பவன் கயிறும் பலகையும் எடுத்து வந்திருந்தான். “குதிரய எடுத்துர்லாம். எல்லாரும் ஒண்ணா பலகய உள்ள செருவணும். சீக்கிரம், அமாவாச ஏத்தம், கடல் தண்ணி உள்ள வர்ற நேரம்,” என்றான்.

துரை எழுந்து உட்கார்ந்தான். “வண்டி! முதலில் வண்டி!”

“வண்டி மேலதான தொரே கீது, அது எங்கயும் போவாது. குதிரதான் உள்ள போவுது,” என்றான் பூபதி.

“குதிரை நெல்லூரில் கிடைக்கும். வண்டி பத்தாவியாவில்தான் கிடைக்கும். வண்டி எடு. இல்லை என்றால் நாளைக்கு எல்லோரும் கோட்டையில் கட்டு.”

கோட்டையில் கட்டு என்றால் கம்பத்தில் கட்டி அடிப்பது என்று அந்த ஜனங்களுக்குத் தெரியும். நாலு பேர் பாதம் வழுக்கிப் போய், சிவப்பு வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்ததும் அதைக் கழுவச் சொன்னான். சக்கரத்து ஆரக்கால் ஒவ்வொன்றாகக் கழுவச் சொன்னான். அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் மினுமினுத்து ஏறியது.

ரங்கன் பூபதியின் காதோரம் வந்தான். “இப்பக்கூட எடுத்துர்லாம். ஆனா ஒன் கொரலு இல்லன்னா அது அடங்காது. நீ கூட நிக்கணும்.”

பூபதி மேற்கே பார்த்தான். பொழுது பனை உயரத்துக்கு வந்துவிட்டது. குப்பத்தில் இந்நேரம் பானையை வெளியே எடுத்திருப்பார்கள். இங்கே நின்றால் குதிரை பிழைக்கலாம். அம்மாவும் அம்மணியும் காலத்துக்கும் ஊரான் மீனைக் கழுவுவார்கள். “நீ பாரு ரங்கா. உன்னால ஆனவரைக்கும் பாரு,” என்று சொல்லிவிட்டு ஓடினான். பின்னால் குதிரை ஒருமுறை கனைத்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போகமாட்டோம் என்று அவனுக்குத் தெரியும்.

குப்பத்தில் மற்றவர்கள் எல்லோரும் எடுத்து முடித்திருந்தார்கள். தலைவர் பெரியசாமி பானையைக் கவிழ்க்கப் போனார். பச்சையம்மா அவர் கையைப் பிடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தாள். சேறும் சாட்டைத் தடமும் துரையின் வாந்தியுமாக ஓடி வந்த மகனைப் பார்த்து, அவளுக்கே யாரென்று தெரியவில்லை.

“சேத்து ஈரம் கணக்குல சேராது. முங்கிட்டு வா,” என்றார் பெரியசாமி.

முங்கிவிட்டு வந்தான். சொட்டச் சொட்ட நின்று பானைக்குள் கையை விட்டான். மிச்சம் இருந்தது ஒரே ஓலை. பெரியசாமி அதை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“தோணிரேவு வாய்க்கா! நல்ல பாடுடா. பச்ச நண்டு வர்ற எடம். ஒங்க நைனாவே குடுத்த மாதிரி கீது.”

பச்சையம்மா சேலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூபதியும் அழுதான். இருவரும் ஒரே காரணத்துக்காக அழுவதாக ஊர் நினைத்தது.

மறுநாள் விடிந்து அவன் தன் பாடு இருக்கும் இடத்துக்குப் போனபோது வாய்க்காலில் காதுகள் மட்டும் வெளியே தெரிந்தன. ரங்கனும் ஆட்களும் முடிந்தவரை பார்த்திருக்கிறார்கள். வண்டி கழுவி முடித்தபோது இருட்டிவிட்டதாம், ஏற்றமும் முட்டிவிட்டதாம். உயிரோடு இழுக்க முடியாததைச் செத்த பிறகு யார் இழுப்பது? ஊதிப்போன உடம்பைச் சேறு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வெயில் ஏற ஏற, பழவேற்காட்டு ஏரியில் அதுவரை யாரும் முகராத ஒரு நாற்றம் கிளம்பியது. பூபதி பெரியசாமியிடம் போய் வேறு பாடு கேட்டான். “பான குடுத்தது குடுத்ததுதான். உனக்கு மாத்தினா நாளைக்கி எல்லாரும் மாத்தச் சொல்லுவாங்க,” என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

வலையைக் கட்டினான். நண்டு வந்தது. எப்பேர்ப்பட்ட நண்டு! கை அகலத்துக்கு, கொழுத்து, கொடுக்கில் சதை பிதுங்க, கூடை கூடையாக வந்தது. ஏன் வந்தது என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். “இன்னா பூபதி, ஒன் குதிர இன்னும் கறக்குதா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. பச்சையம்மா நண்டுக்கூடையைப் பார்த்துவிட்டு, “நம்ம வாயில இது போவாது. கோட்டைக்குப் போவட்டும்,” என்றாள்.

கோட்டைக்குப் போயிற்று. கோட்டைச் சமையல்காரன் மறுநாளும் கேட்டான், அதற்கு மறுநாளும் கேட்டான். ஒரு நாள் பூபதியே கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். முற்றத்தில் அந்தச் சிவப்பு வண்டி புதுச் சாயம் பூசி நின்றது. பக்கத்தில் வேப்பமர நிழலில் மேசை போட்டு யாக்கோபுத் துரை நண்டு தின்றுகொண்டிருந்தான். முகவாயெல்லாம் வெண்ணெய். கொடுக்கைப் பல்லால் உடைத்து, உள்ளே இருப்பதைச் சத்தமாக உறிஞ்சினான். பூபதியைப் பார்த்ததும் வெண்ணெய்க் கையை ஆட்டினான்.

“நீயா? நல்ல நண்டு. இந்த மாதிரி நான் தின்னதே இல்லை. எங்கே பிடிக்கிறாய்?”

பூபதி எத்தனையோ நாளாக இதற்குத்தான் காத்திருந்தான். நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: “தோணிரேவு வாய்க்கால்ல தொரே. நம்ம குதிர செத்த எடம். அதத் தின்னுதான் இத்தெல்லாம் இப்புடி கொழுத்துக் கீது.”

சொல்லிவிட்டுத் துரையின் முகத்தைப் பார்த்தான். துப்புவான், கூடையை எட்டி உதைப்பான், சாட்டையை எடுப்பான், எப்போதும்போல் வாந்தியாவது எடுப்பான் என்று பார்த்தான். படகு ஆடினதற்கு எடுத்தவன்தானே.

துரை மெல்லுவதை நிறுத்தினான். கையிலிருந்த கொடுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் பொத்தானெல்லாம் குலுங்கச் சிரித்தான்.

“அப்படியா? அப்போ குதிரை வீண் இல்லை!” என்றான். மிச்சத்தையும் உறிஞ்சிவிட்டு, இன்னொரு நண்டுக்குக் கை நீட்டினான். “நாளைக்கும் கொண்டு வா.”

பூபதி கூடையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டான். நாளைக்கும் போகவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் கோட்டைக்குள் கால் வைக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவன் வலையில் வந்த நண்டை அவனே மறுபடி தண்ணீரில் விட்டான். இறாலை மட்டும் வைத்துக்கொண்டான். அம்மணி திட்டினாள், பொறுத்துக்கொண்டான். சாகும்வரை குப்பத்தில் பாடு கட்டித்தான் வாழ்ந்தான், சாகும்வரை நண்டு தின்னவில்லை.

அன்று கோட்டையிலிருந்து திரும்பி வரும் வழியில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பச்சையம்மா உட்கார்ந்து திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பூபதி போய் அவள் பக்கத்தில், வாளைக் கருவாட்டுக்கு நடுவே உட்கார்ந்தான். மேல்துணி தோளிலேயே கிடந்தது. மூச்சை உள்ளே இழுத்தான்; இழுத்துக்கொண்டே இருந்தான். பச்சையம்மா வேலையை நிறுத்திவிட்டு மகனை ஒரு மாதிரி பார்த்தாள்.

“இன்னாடா நைனா, நாறலியா ஒனக்கு?”

“இல்லம்மா,” என்றான் பூபதி. “இது நாத்தமே இல்லம்மா.”